நொச்சிப்புதூருக்குப் போகாத சாலை

தாழைக்குறிச்சியிலிருந்து நொச்சிப்புதூருக்குப் போகும் சாலை இல்லாமல் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். செண்பகவடிவு காபி குடித்து, சாயங்காலம் தன்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அம்மா எடுத்து வைத்திருந்த மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, விடுமுறை நாளென்றும் பாராமல் முதலாளி கூப்பிட்டாரே என்று ஆபீசுக்குப் போய், கம்ப்யூட்டரில் இரண்டு வரி தட்டினாள். அவ்வளவுதான், சாலை இல்லை. ஊரில் யாரும் அதை உடனே கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தாழைக்குறிச்சிக்காரர்கள் கறி எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். நொச்சிப்புதூர் என்ற ஊர் இருக்கிறதா இல்லையா என்பது திங்கட்கிழமைக் கவலை.

வடிவு வேலை பார்த்தது குணசீலன் அண்ணாச்சியின் கேபிள் ஆபீசில். ஒரு காலத்தில் வீடு வீடாக டிவிக்கு வயர் இழுத்த ஆபீஸ் இப்போது இன்டர்நெட் கொடுத்தது. நொச்சிப்புதூரில் அண்ணாச்சியின் தங்கை மாப்பிள்ளை செல்வரத்தினம் அதே தொழிலைச் செய்தார். அண்ணாச்சியின் ஆபீசில் ஒரு ரௌட்டர், மாப்பிள்ளையின் ஆபீசில் ஒரு ரௌட்டர். இரண்டும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் மாதிரி நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கும். என் பக்கம் இன்ன இன்ன இடம் இருக்கிறது, அங்கே போகவேண்டியதை என்னிடம் கொடு, நான் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்று அது சொல்லும், இது கேட்டுக்கொள்ளும். இது சொல்லும், அது கேட்டுக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் எதை நம்புவது, எதைக் காதில் வாங்காமல் விடுவது என்று தன் ரௌட்டருக்குச் சொல்லிவைப்பது வடிவின் வேலை. அதற்குப் பெயர் ஃபில்டர். ஊரில் எல்லோரும் நாள்தோறும் செய்கிற காரியம்தான், அவளுக்கு அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

அன்று அண்ணாச்சியின் முகம் வீங்கியிருந்தது. முந்தின நாள் நொச்சிப்புதூரில் மாப்பிள்ளை வீட்டுக் காதுகுத்து. மண்டப வாசலில் வைத்த ஃபிளெக்ஸ் போர்டில் காது குத்தப்படும் குழந்தையின் படத்தைவிடப் பெரிதாக ஊர்ப் பெரிய மனிதர்கள் படமெல்லாம் இருக்க, தாய்மாமனான குணசீலன் அண்ணாச்சியின் படம் மட்டும் கீழ் மூலையில், டெண்ட்காரர் போன் நம்பருக்குப் பக்கத்தில், தபால்தலை அளவுக்கு இருந்தது. அதிலும் பாதியை வாழைமரம் மறைத்திருந்தது.

"அவன் மெஷின் சொல்லுத எதையும் நம்ம மெஷின் இனிமே கேக்கக்கூடாது" என்றார் அண்ணாச்சி.

"நம்ம சொல்லுதத அது கேக்கலாமா அண்ணாச்சி?" என்று வடிவு கேட்டாள். தொழில்முறையில் கேட்கவேண்டிய கேள்வி அது. வருவதற்கு ஒரு ஃபில்டர், போவதற்கு ஒரு ஃபில்டர் என்று தனித்தனியாகப் போடவேண்டும்.

அண்ணாச்சி யோசித்தார். "நம்ம சொல்லுதத அவன் கேக்கட்டும். நல்லாக் கேக்கட்டும். அவன் பேச்சுதான் நமக்கு வேண்டாம்."

குடும்பங்களில் எப்போதும் நடப்பதுதானே என்று வடிவு மேலே எதுவும் கேட்காமல், வருவதற்கு மட்டும் ஃபில்டர் போட்டாள். பக்கத்து ரௌட்டர் எந்த வழியைச் சொன்னாலும் தள்ளு என்று இரண்டு வரி. பிறகு வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்து, பட்டைக் கட்டிக்கொண்டு, நாலு மணிக்காகக் காத்திருந்தாள்.

பெண் பார்க்க வந்தவர்கள் நொச்சிப்புதூர்க்காரர்கள். மாப்பிள்ளை ஆறுமுகநயினார் அங்கே கூட்டுறவு வங்கியில் கணக்கர். அவனுடைய அம்மா பிரம்மநாயகி, தாய்மாமா சங்கரலிங்கம், ஒரு வெள்ளைக் கார். வருவதில் அவர்களுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. தாழைக்குறிச்சி இன்ன திசையில் இருக்கிறது என்று இந்த ஊர் ரௌட்டர் சொன்னதை அந்த ஊர் ரௌட்டர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்ததால், சாலை அவர்களை நேராக வடிவின் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கியது. கேசரி சாப்பிட்டார்கள். பஜ்ஜி சாப்பிட்டார்கள். பெண்ணுக்கு முப்பத்து நாலு என்று சொன்னீர்களே, நடந்து முடிந்ததா, நடக்கிறதா என்று பிரம்மநாயகி கேட்டாள். இந்த கம்ப்யூட்டர் வேலையில் ஆண்கள் இருக்கிற அறையிலேயே உட்காரவேண்டுமா என்று சங்கரலிங்கம் கேட்டார். ஆறுமுகநயினார் எதுவும் கேட்காமல் பஜ்ஜியின் வாழைக்காயைத் தனியாகவும் மாவைத் தனியாகவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் பிரம்மநாயகி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, காலம் காலமாகச் சொல்லப்படும் அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

"ஊருக்குப் போயி கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புதோம்."

வடிவின் அம்மா உலகம்மாளின் முகம் விழுந்தது. இப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்கள் எல்லோரும் சொல்லி அனுப்பியது ஒரே சொல்தான். கார் தெருமுனை திரும்பியது. உலகம்மாள் மிஞ்சிய பஜ்ஜியை எண்ணெய்ச்சட்டிக்குப் பக்கத்தில் வைத்து மூடுவதற்குள் கார் திரும்பி வந்து அதே வாசலில் நின்றது.

"வழி தப்பிட்டோம் போல" என்றார் சங்கரலிங்கம்.

மறுபடி போனார்கள். சாலை நேராகத்தான் போனது, எங்கும் வளையவில்லை, கல்குவாரியைத் தாண்டியது, பெட்ரோல் பங்கைத் தாண்டியது, நொச்சிப்புதூர் வரவேண்டிய இடத்தில் தாழைக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் வந்தது. மூன்றாம் முறை திரும்பி வந்தபோது உலகம்மாள் கேள்வி எதுவும் கேட்காமல் அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டாள். வீட்டுக்கு வந்தவர்கள் வெளியே போக முடியவில்லை என்றால் அவர்களுக்கு ராத்திரிச் சாப்பாடு போடவேண்டும், அதற்கு மேல் இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது அவளுடைய நிலை. ஊர் முழுக்க அதே நிலையை எடுத்தது.

மறுநாள் காலை எட்டரை மணி நொச்சிப்புதூர் பஸ் கிளம்பி, டிக்கெட் கிழித்து, எல்லா நிறுத்தங்களிலும் நின்று, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. பயணிகள் இறங்கி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் கண்டக்டரிடம், போன மாதம் இந்த பஸ் பாதி வழியில் பஞ்சராகி நின்றதற்கு இது எவ்வளவோ மேல் என்றார். நெடுஞ்சாலைத் துறையிலிருந்து ஆட்கள் வந்து பார்த்து, எதுவும் இல்லாத இடத்தில் 'பணி நடைபெறுகிறது' என்று ஒரு பலகை நட்டுவிட்டுப் போனார்கள். கோர்ட்டு வழக்கு உள்ளவர்கள் வாய்தா கிடைத்ததென்று மகிழ்ந்தார்கள், ஏனென்றால் கோர்ட் நொச்சிப்புதூரில் இருந்தது. மாமியார் வீடு நொச்சிப்புதூரில் உள்ள மருமகன்கள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. சிலர் திருநெல்வேலி வழியாகச் சுற்றிப் போய்ப் பார்த்தார்கள். திருநெல்வேலி ஒழுங்காக வந்தது. அங்கிருந்து நொச்சிப்புதூர் பஸ்ஸில் ஏறித் தூங்கி விழித்தால் தாழைக்குறிச்சி. எந்த வழியில் போனாலும், மனதில் நொச்சிப்புதூரை வைத்துக்கொண்டு கிளம்பியவர் வீட்டுக்கே வந்தார்.

ஆனால் அங்கிருந்து வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். முட்டை லாரி வந்தது. நாதஸ்வர கோஷ்டி ஒன்று ஒரு நாள் கச்சேரிக்கு வந்து தங்கிவிட்டது, பிறகு தாழைக்குறிச்சியில் காதுகுத்துக்கும் கடைத் திறப்புக்கும் மட்டுமல்லாமல், கோஷ்டிக்குப் பொழுது போகாத காரணத்தால், சும்மாவும் நாதஸ்வரம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்துபோகும் பல் டாக்டர் இப்போது எல்லாக் கிழமையும் இருந்தார், பல் வலிக்காதவர்கள்கூட போய் வாயைத் திறந்து காட்டிவிட்டு வந்தார்கள். போனவர்கள் திரும்பவில்லையே என்று தேடிக்கொண்டு வந்தவர்களும் திரும்பவில்லை, அவர்களைத் தேடி வந்தவர்களும் திரும்பவில்லை. ஸ்கூல் கட்டடத்தில் இடம் கொடுத்தார்கள். பேரூராட்சித் தலைவர் ஜனத்தொகை கூடியதைப் பார்த்து, இப்படியே போனால் நகராட்சி ஆகிவிடலாம் என்று சந்தோஷப்பட்டு, வந்தவர்களுக்கெல்லாம் துண்டு போர்த்தினார். அவரிடம் துண்டு தீர்ந்துபோனபோதுதான் இதில் ஏதோ சிக்கல் இருப்பதாக முதன்முதலாகச் சொன்னார்.

வடிவுக்குத் திங்கட்கிழமையே தெரிந்துவிட்டது. ஆபீசில் உட்கார்ந்து, தள்ளப்பட்ட வழிகளின் எண்ணிக்கை திரையில் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்தாள். பக்கத்து ரௌட்டர் சளைக்காமல் என் வழியாக வா, என் வழியாக வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவளுடைய ரௌட்டர் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவள் அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னாள்.

அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். காதுகுத்துக்குப் பிறகு முதன்முறையாகச் சிரித்தார். "அப்போ நம்ம சொன்னா ரோடே கேக்குதுங்கியா?"

"எடுத்திரட்டா அண்ணாச்சி? ஜனங்க போக முடியாம நிக்காங்க."

"மாப்பிள வந்து எங்கிட்டப் பேசட்டும். அதுவரைக்கும் இருக்கட்டும்."

செல்வரத்தினம் வந்தால் திரும்பிப் போக முடியாது, அதனால் வரமாட்டார், அதனால் பேசமாட்டார் என்று வடிவு சொல்ல நினைத்தாள், சொல்லவில்லை. அந்த இரண்டு வரியை அழிக்க ஒருவரிடமும் கேட்கத் தேவையில்லை, ஒரு நிமிஷ வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது, உலகம்மாள் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு வந்து தாழ்ந்த குரலில் பேசினாள்.

"இப்ப என்னத்துக்கு அவசரம்? ரெண்டு நாள் இருக்கட்டும். பழகட்டும். ஒன் கைப்பக்குவத்தைச் சாப்பிட்டுப் பாக்கட்டும்."

"நீதான சமைக்க."

"அது அவ்வொளுக்குத் தெரியுமா?"

வடிவு அம்மாவைக் கடிந்துகொள்ள வாயெடுத்தாள். ஆனால் உண்மை என்னவென்றால் அவளுக்கும் அவசரம் இருக்கவில்லை. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் இத்தனை வருஷமாகச் சொல்லி அனுப்பிய சொல் அவளுக்கு மனப்பாடம், நிறம் என்பார்கள், வயசு என்பார்கள், ஜாதகம் என்பார்கள், ஒன்றும் கிடைக்காவிட்டால் பெண்ணுக்குக் குரல் கொஞ்சம் கனமாக இருக்கிறது என்பார்கள். இந்த முறை அந்தச் சொல் வருவதற்கு வழி இல்லை. ஊருக்குப் போனால்தானே சொல்லி அனுப்ப முடியும். அவள் மனதுக்குள் இதற்காக வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டே மறுநாள் ஆபீசுக்குப் போனாள், அந்த இரண்டு வரியைத் தொடாமல் வந்தாள்.

இப்படியாக மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் குடியிருந்தார்கள். தினமும் காலையில் குளித்து, சாமி கும்பிட்டு, சொல்லிக்கொண்டு காரில் ஏறிப் புறப்படுவார்கள், நொச்சிப்புதூருக்குப் போகாமல் இட்லி வெந்து இறங்கும் நேரத்துக்குத் திரும்பி வருவார்கள். அது ஒரு மரியாதை. ஒரு நாள் புறப்படாமல் இருந்தால் ஊரில் என்ன நினைப்பார்கள்? பிரம்மநாயகி முதலில் உப்பு கூட என்றாள், பிறகு அடுப்படிக்குள் வந்து நின்றாள், பிறகு உலகம்மாளின் கரண்டியை வாங்கிக்கொண்டாள். சங்கரலிங்கம் டிவி ரிமோட்டை எடுத்துக்கொண்டவர் திருப்பித் தரவில்லை. சம்பந்தம் முடிவதற்கு முன்பே அந்த வீட்டில் சம்பந்திச் சண்டை முறைப்படி நடந்தேறியது. ஆறுமுகநயினார் மட்டும் தன் தட்டைத் தானே கழுவினான். பகலில் பல் டாக்டரிடம் போய் டோக்கன் கொடுத்து ஒத்தாசை செய்தான். சாயங்காலங்களில் வடிவு வேலை விட்டு வந்ததும், அவளுடைய வேலையைப் பற்றிக் கேட்பான். அதை அதுவரை யாரும் கேட்டதில்லை.

"பக்கத்து ரௌட்டர் சொல்லுதத நம்பலைன்னா அந்த ஊரே இல்லாமப் போயிருமா?" என்றான் ஒரு நாள்.

"ஊரு இருக்கும். நமக்கு வழி இருக்காது."

"அங்க உள்ளவங்களுக்குத் தெரியுமா, நம்ம காதப் பொத்திட்டோம்னு?"

"தெரியாது. அவங்க பாட்டுக்குச் சொல்லிட்டே இருப்பாங்க."

அவன் நெடுநேரம் யோசித்துவிட்டு, பாவம் என்றான். யாரைச் சொன்னான் என்று வடிவு கேட்கவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்காக அவள் அந்த வாரம் முழுக்க அவனுக்குக் கூடுதலாக ஒரு தோசை ஊற்றினாள்.

இதற்குள் அண்ணாச்சி டீக்கடையில் உட்கார்ந்து, ரோடு தன் பேச்சைக் கேட்கிறது என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். கேட்டவர்கள் யாரும் வாயைப் பிளக்கவில்லை. அப்படியா, அப்படியானால் எனக்கும் ஒன்று செய்து தாருங்கள் என்றார்கள். கேபிள் ஆபீஸ் வாசலில் ஆட்கள் நிற்கத் தொடங்கினார்கள். முட்டை வரட்டும், முட்டைக்காரர் வேண்டாம் என்றார் ஒருவர். மூத்த மருமகன் வரும் வழியை மட்டும் அடைத்துவிட்டு இளைய மருமகன் வழியை விட்டுவைக்க முடியுமா என்றாள் ஒரு அம்மாள், இருவரும் ஒரே பஸ்ஸில் வருவதுதான் பிரச்சினை. நாதஸ்வர கோஷ்டி தன் தெருவுக்குள் வராமல் செய்யவேண்டும் என்றார்கள் பலர். எல்லோருக்கும் வடிவு ஒரே பதிலைச் சொன்னாள், மெஷினில் அந்த வசதி இல்லை. அது பொய். மெஷினில் எல்லா வசதியும் இருந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மேற்குத் தெரு குடியிருப்போர் நலச்சங்கத்தார் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார்கள். அவர்கள் ஆபீசுக்கு வரவில்லை, வடிவின் வீட்டுக்கே வந்தார்கள், மேற்குத் தெருவில்தானே அவளும் குடியிருந்தாள். கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஆறுமுகநயினார் நிலைப்படியில் நின்றான். குணசீலன் அண்ணாச்சியையும் கையோடு கூட்டி வந்திருந்தார்கள். சங்கத்தின் செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, யாரையும் ஒதுக்குவதற்காக இந்தக் கோரிக்கை இல்லை என்று ஆரம்பித்தார். அப்போதே வடிவுக்குத் தெரிந்துவிட்டது, இது யாரையோ ஒதுக்குவதற்கான கோரிக்கைதான் என்று.

"வடக்குக் காலனியில இருந்து நம்ம தெரு வழியா வாராங்க, போறாங்க. ரேஷன் கடை இங்க இருக்கு, ஸ்கூல் இங்க இருக்கு, சரிதான். ஆனா ஒரு அமைதி வேண்டாமா? அந்த வழி இங்க வராம இருந்தா எல்லாருக்கும் நல்லது. அவங்களுக்கும் நல்லதுதான்."

"ஆஸ்பத்திரி நர்சு செல்லக்கனி காலனியிலதான் இருக்கா" என்றாள் வடிவு. "செயலாளர் மாமா, ஒங்களுக்கு தினமும் சுகர் ஊசி போட வாரது அவதான?"

சங்கத்தார் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நர்சு வரலாம் என்று முடிவானது. காலையில் தெரு கூட்டுகிறவர்கள் வரலாம், கூட்டி முடித்ததும் போய்விடவேண்டும். சாக்கடை அடைத்துக்கொண்டால் அன்றைக்கு மட்டும் நாலு பேர் வரலாம். தென்னை ஏறுகிறவர் வரலாம். யோசிக்க யோசிக்க வரவேண்டியவர்கள் கூடிக்கொண்டே போனார்கள், எல்லோரும் வேலையோடு வந்து வேலையோடு போகிறவர்கள்.

"சொல்லாம விட்டவங்க?" என்று கேட்டாள் வடிவு.

"விட்டவங்கன்னா?"

"நீங்க வரலாம்னு பேர் சொல்லாதவங்க எல்லாரையும் மெஷின் தானாத் தள்ளிரும். அதுக்குன்னு தனியா எழுத வேண்டியதில்ல. அதோட வழக்கம் அப்படி."

அதுவரை டிவியை ஊமையாக்கி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த சங்கரலிங்கம் அங்கிருந்தே சொன்னார். "நல்ல வளர்ப்பு வளந்த மெஷினு. எங்க ஊருக்கும் ஒண்ணு வேணும்."

பிரம்மநாயகி எல்லோருக்கும் காபி கொண்டுவந்தாள். வீட்டுக்காரி போலவே கொண்டுவந்தாள். "இதுல என்ன தப்பிருக்கு? நாங்க ஒரு பொண்ணு எடுக்கதுக்கே இத்தனை பாக்கோம். தெருவுக்குப் பாக்க வேண்டாமா?" என்றாள். அண்ணாச்சி வடிவிடம், நாளைக்குக் காலையில் போட்டுவிடு, சங்கத்தார் வந்து பார்ப்பார்கள் என்றார். உலகம்மாள் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள். செல்லக்கனிதான் அவளுடைய கடைசிப் பிரசவத்தில் கூட இருந்தவள், குழந்தை தங்கவில்லை, உலகம்மாள் பிழைத்தாள்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் வடிவு கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது ஆறுமுகநயினார் வந்து நின்றான்.

"நொச்சிப்புதூர் வழியத் தள்ளினது நீங்கதானா?"

"ஆமா."

"எடுக்க முடியுமா?"

"முடியும்."

"அப்போ ஏன் எடுக்கல?"

வடிவு கொடியிலிருந்து அவனுடைய சட்டையையே எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. "நீங்க ஊருக்குப் போனா பதில் சொல்லி அனுப்புவிய. இதுவரைக்கும் கேட்ட பதிலே போதும்னு இருந்துச்சு. அதான் தள்ளிப்போட்டேன். தப்புதான்."

அவன் கோபப்படவில்லை. அவன் கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். கிணற்றடியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கூடத்துல பேசினத எல்லாம் கேட்டுட்டு இருந்தியளே" என்றாள் அவள். "ஒங்களுக்கு என்ன தோணுச்சு?"

"எனக்கு அது சரியாப் படல."

"அங்க சொல்லலியே."

"மாமா இருந்தாகள்லா."

வடிவு மடித்த சட்டையை அவன் கையில் கொடுத்தாள். "சரி. அவ்வொ பதில விடுங்க. என்னப் பத்தி ஒங்க பதில் என்ன? அத மட்டும் சொல்லுங்க."

ஆறுமுகநயினார் நல்லவன். தட்டைக் கழுவுகிறவன், பாவம் என்று சொல்லத் தெரிந்தவன். அவன் அந்தக் கேள்வியை உண்மையாகவே யோசித்தான். பிறகு சொன்னான்.

"அம்மாட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்."

வடிவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். கூடத்தில் பிரம்மநாயகி நாளைக்கு என்ன குழம்பு என்று யாரையும் கேட்காமல் தீர்மானித்துக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டுக்கொண்டே நடந்துபோனபோது சிரிப்பு போய்விட்டது. ஒரு நிமிஷ வேலைக்கு ஒரு மாதத்தை எடுத்துக்கொண்டோமே, அந்த மாதத்தில் பள்ளிக்கூடத் தரையில் படுத்துக் கிடந்தவர்கள் எத்தனை பேர் என்று அவள் அப்போதுதான் நினைத்தாள்.

சனிக்கிழமை காலை சங்கத்தார் கேபிள் ஆபீசுக்கு இனிப்புப் பெட்டியோடு வந்தார்கள். அண்ணாச்சி அவர்களை மெஷினைச் சுற்றி நிற்கவைத்தார். மெஷினில் பச்சை விளக்குகள் மினுக்கியதை அவர்கள் கோயில் கற்பூரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள், ஒருவர் செருப்பைக் கழற்றினார். வடிவு நாற்காலியில் உட்கார்ந்தாள். காலனியைப் பற்றி ஒரு எழுத்தும் தட்டவில்லை. ஏற்கெனவே இருந்த இரண்டு வரியை அழித்தாள். பிறகு பக்கத்து ரௌட்டர் சொல்வதையெல்லாம் மறுபடி முதலிலிருந்து கேள் என்று தன் ரௌட்டருக்குச் சொன்னாள். இத்தனை நாள் சொல்லிச் சொல்லித் தள்ளப்பட்ட வழிகளெல்லாம் மடமடவென்று வந்து திரையை நிறைத்தன.

"முடிஞ்சுதா?" என்றார் செயலாளர்.

"முடிஞ்சுது."

"எப்போலேர்ந்து தெரியும்?"

"கொஞ்சம் நாளாகும் மாமா" என்றாள் வடிவு. "மெல்ல மெல்லத்தான் ஏறும்."

அவர்கள் இனிப்பைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலனிக்காரர்கள் வழக்கம்போல மேற்குத் தெரு வழியாக ரேஷன் கடைக்குப் போனார்கள், செல்லக்கனி வந்து செயலாளருக்கு ஊசி போட்டாள், இன்னும் ஏறவில்லை போல என்று செயலாளர் தனக்குள் சொல்லிக்கொண்டார். இன்றுவரை சங்கத்தார் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள்.

அதே சனிக்கிழமை, அவள் ஆபீசில் இருந்த நேரத்தில், மாப்பிள்ளை வீட்டார் தினமும்போல் சொல்லிக்கொண்டு காரில் ஏறினார்கள். உலகம்மாள் இட்லித் தட்டை அடுப்பில் வைத்தாள். இட்லி வெந்தது, இறக்கினாள், ஆறியது. கார் வரவில்லை. அவர்களுடைய துண்டும் மாற்றுத் துணியும் கொல்லைக் கொடியில் கிடந்தன. பஸ் ஸ்டாண்டில் எட்டரை மணி பஸ் போன திசையில் போய்த் திரும்பவில்லை என்று செய்தி பரவியதும், பள்ளிக்கூடத்திலிருந்து ஜனங்கள் பெட்டியும் பாயுமாகக் கிளம்பினார்கள். அவர்களை வழியனுப்ப நாதஸ்வர கோஷ்டி ஊர் எல்லைவரை வாசித்துக்கொண்டே போய், எல்லையில் நிற்க மறந்து அப்படியே ஊர் போய்ச் சேர்ந்தது. பல் டாக்டர் மட்டும் போகவில்லை, இங்கே பல் கெட்டவர்கள் அதிகம் என்றார். பேரூராட்சித் தலைவர் சாலைக்குத் திறப்புவிழா வைத்தார். நூறு வருஷமாகக் கிடந்த சாலையின் குறுக்கே ரிப்பன் கட்டி வெட்டினார்கள், அதற்காக முன்கூட்டியே வந்த பஸ்கள் ரிப்பனுக்கு அந்தப் பக்கம் காத்து நின்றன.

அண்ணாச்சி அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"யாரு எடுக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நாந்தான் போட்டேன், நாந்தான் எடுத்தேன். மறுபடி போடச் சொன்னா போடமாட்டேன் அண்ணாச்சி. வேற ஆளப் பாத்துக்கிடுங்க."

அண்ணாச்சி இரண்டு நாள் வேற ஆளைப் பார்த்தார். அதற்குள் திறப்புவிழா மேடையில் அவருக்கு நாற்காலி போட்டு, சாலை வரக் காரணமானவர் என்று பேசிவிட்டார்கள். அதை அவர் மறுக்கவில்லை. மேடையிலிருந்து இறங்கியவர், வடிவு, நாளைக்கு நேரத்தோட வந்திரு என்று மட்டும் சொன்னார்.

பிரம்மநாயகியின் பதில் போனில் வந்தது. அது சம்மதம். எங்களுக்குப் பிடித்திருக்கிறது, பெண் வேலையை விட்டுவிடவேண்டும், ஆனால் அந்த மெஷின் வித்தையை எங்கள் தெருவுக்கு ஒருமுறை செய்துகொடுத்துவிட்டு விட்டால் போதும் என்றாள். உலகம்மாள் போனைக் கையால் பொத்திக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில். வடிவு அம்மாவின் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"அத்தை, நீங்க சொன்னதக் கேட்டேன். எனக்கு இது வேண்டாம்."

"பொண்ணு வீட்டுல இப்படிச் சொல்லுத வழக்கம் கெடையாதே" என்றாள் பிரம்மநாயகி. அவள் கோபத்தில் சொல்லவில்லை, தெரியாத ஒருவருக்கு விவரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"கெடையாதுதான் அத்தை" என்று சொல்லி வடிவு போனை வைத்தாள். பிறகு அடுப்படியில் போய் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள், ஆறுமுகநயினாருக்காகத்தான். உலகம்மாள் பல நாள் மகளோடு பேசவில்லை. பேச ஆரம்பித்தபோது கரண்டி தன் கைக்குத் திரும்பி வந்ததில் ஒரு நிம்மதி இருக்கத்தான் செய்கிறது என்றாள்.

அடுத்த மாதம் ஒரு நாள், செல்வரத்தினத்தின் ஆபீசில் ரௌட்டரைப் பார்த்துப் பேச வேண்டிய வேலை வந்து, வடிவு நொச்சிப்புதூருக்குப் போனாள். பஸ் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. செல்வரத்தினம் உபசரித்து, மச்சான் சௌக்கியமா என்று விசாரித்தார். இடையில் அப்படி ஒன்று நடந்ததே அவருக்குத் தெரியவில்லை, மச்சானின் படம் சின்னதாக இருந்ததும் தெரியவில்லை. வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க நின்றாள். டீக்கடை அம்மா எந்த ஊர் என்று கேட்டாள். தாழைக்குறிச்சி என்றாள் வடிவு.

"நடுவுல ஒரு மாசம் ஒங்க ஊர்க்காரங்க யாரும் இந்தப் பக்கம் வரல பாத்துக்கிடுங்க" என்றாள் அந்த அம்மா, டீயை ஆற்றிக்கொண்டே. "இங்கேர்ந்து போனவங்களும் வரல. அங்க சாப்பாடு நல்லாருக்கும் போலன்னு நெனச்சிக்கிட்டோம். எங்களுக்கும் கூட்டம் கொறஞ்சு நிம்மதியாத்தான் இருந்துச்சு. சீனி போதுமா?"

போதும் என்றாள் வடிவு. டீ நன்றாக இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் கன்னம் வீங்கிய ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள், வடிவின் வயதுதான் இருக்கும். தாழைக்குறிச்சி பல் டாக்டரிடம் போகிறாளாம். பஸ் கிளம்பியதும் கைக்குட்டையைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு வெளியே பார்த்தாள், பிறகு திரும்பித் தயக்கமாகக் கேட்டாள்.

"அங்கேர்ந்து திரும்பி வர பஸ் இருக்குமா? பிள்ளைகள வீட்டுல விட்டுட்டு வந்திருக்கேன்."

"இருக்கும்" என்றாள் வடிவு.

"நிச்சயமா இருக்குமாக்கா? என்னென்னமோ சொல்லுதாங்க."

பெட்ரோல் பங்க் போனது. கல்குவாரி போனது.

"நீங்க போயி பல்லக் காட்டுங்க" என்றாள் வடிவு. "அத நான் பாத்துக்கிடுதேன்."